நூற்று முப்பத்தேழை ஆன் செய்யாதீர்கள்

அந்த வெள்ளிக்கிழமை காலை நான் ஆறு போன்களை அழித்தேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு முன் என் சாதனை ஐந்து போனுக்கு ஆறு நிமிடம். அதனால் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அந்தச் சுற்றுதான்.

பேகம்பேட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் அலுவலகத்தில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருபவர்கள் ஊர் முழுக்க எங்களுக்கு உண்டு. ஒவ்வொருவர் கையிலும் கம்பெனி கொடுத்த ஒரு போன். அந்தப் போன்களையும் அலுவலக லேப்டாப்களையும் ஒரே திரைக்கு முன் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எதில் எவ்வளவு சார்ஜ், எது எந்தத் தெருவில் நிற்கிறது, எதில் என்ன ஆப் இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது, எல்லாம் அந்தத் திரையில் தெரியும். குஷாய்குடாவில் எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இது புரியவே இல்லை.

"தொட்டுப் பாக்காம அது நல்லாருக்கா, கெட்டுப்போச்சான்னு எப்படிச் சொல்லுவ?"

"அதுலதாம்ப்பா த்ரில்லே இருக்கு" என்பேன்.

உண்மையிலேயே எனக்கு அதில் ஒரு வெறி இருந்தது. சேர்ந்த மூன்றே மாதத்தில் பூட்டு மேல் பூட்டாகப் போட்டேன். வாட்ஸப்பை எடுத்தேன். சினிமா பார்க்கிறார்கள் என்று பிரவுசரை எடுத்தேன். கேபிள் போட்டு எதையும் ஏற்றவோ இறக்கவோ முடியாதபடி அந்த வழியை அடைத்தேன். சிலர் நெட்டை அணைத்துவிட்டு மாயமாகிவிடுகிறார்கள் என்று என் மேலதிகாரி சொன்னதும், நெட், வைஃபை, ஃப்ளைட் மோட் மூன்றின் பொத்தான்களையும் சாம்பல் நிறமாக்கினேன். விரலால் எவ்வளவு அழுத்தினாலும் அவை அசையாது. கடைசியில் அந்தப் போனில் மிஞ்சியது கூப்பிட்டுப் பேசும் வசதி, வேலைக்கான ஆப், வரைபடம், டாக்டர் சீட்டைப் படம் பிடிக்கக் கேமரா. அவ்வளவுதான். "பக்காவா பண்ணிருக்கீங்க" என்றார் மேலதிகாரி. கோயம்புத்தூர்க்காரர், பாராட்டினாலும் திட்டினாலும் ஒரே குரல். அவரை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. எண்தான். எண்பத்திரண்டு ஃபத்தேநகரில் நிற்கிறது, இருநூற்றொன்றுக்குச் சார்ஜ் இல்லை என்றுதான் பேசிக்கொள்வோம். எந்த எண் யாருடையது என்று ஒரு பட்டியல் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர்களின் பெயர்களை வெள்ளிக்கிழமை காலையில் ஹெச்.ஆர். மேடம் அனுப்புவார். நான் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணைப் பார்த்து, அந்தப் போனை நீக்கு என்று அழுத்துவேன். அது எந்த மூலையில் இருந்தாலும் அடுத்த நொடியில் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். திரையில் ஒரு பச்சைப் புள்ளி வரும்.

அன்று ஐந்து பச்சை வந்தது. நூற்று முப்பத்தேழு மட்டும் மஞ்சளாகவே நின்றது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அந்தப் போன் அணைந்திருந்தது. அதனால் கட்டளை வாசலில் காத்துக்கொண்டிருந்தது. என்றைக்கு அது உயிர் பெற்று நெட்டைத் தொடுகிறதோ அன்றைக்கு அழியும். மஞ்சள் எப்படியும் ஒருநாள் பச்சையாகும் என்று சாப்பிடப் போய்விட்டேன்.

மதியம் ஒன்றரைக்கு ஹெல்மெட்டைக் கையில் மாட்டியபடி ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். அன்றைய பட்டியலில் இருந்த ஆறு பேரில் ஒருவர், சொந்தமாக லேப் வைக்கப் போகிறாராம். போனை ஒப்படைக்க வந்திருந்தார். நாங்கள் பேசிக்கொண்டது தெலுங்கில். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன்.

போனைத் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கழற்றினேன். உள்ளே ஸ்டிக்கரில் நூற்று அறுபத்து நான்கு என்று இருந்தது.

"அண்ணா, இது உங்க போன் இல்லியே."

"என்னோடதுதான் மேடம். ஒரு வருஷமா என் பாக்கெட்டுலதான் இருக்கு."

"லிஸ்ட்ல உங்களுக்கு நூத்து முப்பத்தேழு."

"ஓ, அதுவா?" என்று சிரித்தார். "மாத்திக்கிட்டோம். அக்காவோட பேட்டரி மத்தியானமே படுத்துரும். என் வண்டியில சார்ஜர் இருக்கு, அவங்க பஸ்ஸுல போறவங்க. அதான் என்னோட நல்ல போன அவங்ககிட்ட குடுத்துட்டு இத நான் வாங்கிக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான் மேடம். ஆப்புல அவங்கவங்க லாகின் போட்டா வேலை ஓடுது. போன் யாருதா இருந்தா என்ன?"

எல்லாரும் அப்படித்தான். அறுநூறு போன்களும் யார் கையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் இருந்ததோ பெட்டியைப் பிரித்த அன்றைக்கு வாங்கிக்கொண்டவர்களின் பெயர்கள்.

"எந்த அக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "வளையல் கேஸ் அக்கா."

அலுவலகத்தில் அந்தக் கதை தெரியாதவர் கிடையாது. செகந்திராபாத்தில் ஒரு வீட்டில் வயதான அம்மாவுக்கு ரத்தம் எடுக்கப் போனவர். மறுநாள் அந்த வீட்டிலிருந்து புகார் வந்தது. கையிலிருந்த நான்கு தங்க வளையல்களில் ஒன்றைக் காணவில்லையாம். அன்றிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்று மூன்று மணிக்கு விசாரணை. பதில் திருப்தியாக இல்லையென்றால் வேலை போகும், அந்த வீட்டார் போலீசுக்குப் போவார்கள்.

"ஒண்ணும் ஆகாது மேடம்" என்றார் அவர் உற்சாகமாக. "அக்காகிட்ட வீடியோ இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, நாங்க எல்லாரும் எடுப்போம். கையில நகை இருந்தா, ரப்பர் கட்டுறதுக்கு முன்னாடி கழட்டித் தட்டுல வைக்கச் சொல்லுவோம். தட்டையும் அவங்க எண்ணுறதையும் ஒரு வீடியோ. முடிஞ்சதும் அவங்களே திரும்பப் போட்டுக்கிறத இன்னொரு வீடியோ. நாளைக்கு யாரும் நம்மள ஒண்ணும் சொல்லக்கூடாதுல்ல? கம்பெனிக்குத் தெரிஞ்சா, கஸ்டமர் வீட்டுல எப்படி எடுக்கலாம்னு கத்துவாங்க. அதான் சொல்றதில்ல."

"அந்த வீடியோ எங்க இருக்கு?"

"அந்தப் போனுலதான். வேற எங்க வைக்கிறது? எங்கயும் அனுப்ப முடியாதபடிதான் நீங்க பூட்டி வெச்சிருக்கீங்களே!"

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் மேசைக்கு ஓடினேன். மஞ்சள். இன்னும் மஞ்சள்தான். கட்டளையைத் திரும்பப் பெறும் பொத்தானைத் தேடினேன். அப்படி ஒரு பொத்தான் இல்லை. நீக்கு என்று அழுத்திய கணத்திலேயே நூற்று முப்பத்தேழு என் பட்டியலை விட்டுப் போய்விட்டது. அதோடு பேச எனக்கு இனி வழி கிடையாது. மென்பொருள் விற்றவர்களின் உதவிப் பக்கத்தில் படபடவென்று தட்டினேன். நீக்கிய பின் நிறுத்த இயலாது, வேறு ஏதேனும் உதவி தேவையா என்று பதில் வந்தது.

சாரிடம் போனேன். முழுக்கக் கேட்டார்.

"அதுக்கு நீங்க ஏனுங்க பதர்றீங்க? லிஸ்ட்ல பேரு இருந்துச்சு, அழிச்சீங்க. போன மாத்திக்கிட்டது அவங்க தப்பு."

"சார், அவங்க வேலை போயிரும். போலீஸ் வரைக்கும் போகும்."

"வீடியோ இருக்குதுன்னு அவரு சொல்றாரு. நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. நான் எதையுமே பார்த்ததில்லை.

திரும்பி ஓடிவந்து அந்த அக்காவை அந்தப் போனின் எண்ணிலேயே கூப்பிடப் போனவள் பாதியில் விரலை எடுத்துவிட்டேன். அந்தப் போன் அணைந்திருக்கும்வரை என் அழைப்பு போய்ச் சேராது. போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்குள் எல்லாம் அழிந்திருக்கும். போனை ஆன் செய்யாதீர்கள் என்று அவருக்குச் சொல்ல அந்தப் போனைத் தவிர வேறு போன் எனக்குத் தெரியாது. இப்படி ஒரு முட்டுச்சந்து இருக்கும் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித்தரவில்லை.

ஹெல்மெட்காரர் என் முகத்தைப் பார்த்து பயந்துபோய்த் தன் சொந்தப் போனில் அந்த அக்காவின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அக்கா கிளம்பி அரை மணி நேரம் ஆகிவிட்டதாம், எம்.எம்.டி.எஸ். உள்ளூர் ரயிலில் வருகிறாராம்.

"ஆளு எப்படி இருப்பாங்க?"

"யூனிபார்ம் கோட்டு போட்டுட்டுத்தான் வருவாங்க மேடம். வேலையில இல்லாட்டியும் போட்டுட்டுத்தான் வருவேன்னு சொன்னாங்க."

அலுவலகத்திலிருந்து பேகம்பேட் ரயில் நிலையத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். நான் எவ்வளவு நேரத்தில் போனேன் என்று தெரியாது. ஆட்டோவுக்குக் கை நீட்டவும் தோன்றவில்லை. படியேறி நடைமேடையில் நின்றபோது ரயில் வந்துகொண்டிருந்தது. இறங்கிய கூட்டத்தில் எங்கள் கம்பெனியின் மெரூன் கோட்டு ஒன்றுதான் இருந்தது. நாற்பது வயது இருக்கும். கோட்டு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது. ஒரு தூணருகே நின்று கைப்பையைத் திறந்தார். போனை எடுத்தார். கட்டைவிரல் பக்கவாட்டுப் பொத்தானுக்குப் போனது.

"அக்கா! ஆன் பண்ணாதீங்க! அத ஆன் பண்ணாதீங்க!"

நடைமேடையே திரும்பிப் பார்த்தது. நான் தமிழில் கத்தியிருந்தேன். அவர் விரலை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா கொரலு இது... நீ அந்த கம்ப்யூட்டர் பாப்பாதானே?"

அப்போதுதான் எனக்கும் அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. சில மாதங்களுக்கு முன் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, தெலுங்கில் ஆரம்பித்து, என் உச்சரிப்பைக் கேட்டதும் "நீ நம்மாளா?" என்று தமிழுக்குத் தாவிய குரல். திரையில் எழுத்துப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கேட்டவர். இரண்டு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் என்றும் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

"ஆமாக்கா. போன ஆன் பண்ணாதீங்க."

"கைக்கு?" என்றார், ஏன் என்பதை அந்த ஊர் உருதில்.

"சொல்றேன். முதல்ல விரல எடுங்க."

"நக்கோ, வேணாம் பாப்பா. நீ மொதல்ல சொல்லு. யார் அனுப்பிச்சாங்க உன்ன? ஹெச்.ஆர். அம்மாவா? இதுல வீடியோ இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சா?" அவர் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "தெரியும் எனக்கு. அங்க குந்திகினு எங்க போனுக்குள்ள பூந்து எல்லாத்தையும் பாக்கறவ நீதானே? நீ எதாவது பண்ணிருவேன்னு பயந்துதான் நேத்து சாயங்காலத்துலருந்து ஆஃப் பண்ணி வெச்சிகினு இருக்கேன். உள்ள போறதுக்கு முன்னாடி வீடியோ இருக்குதான்னு ஒரு தடவ பாக்கலாம்னு எடுத்தா, இப்ப நேர்லயே வந்துட்டே!"

அந்த வீடியோவை அதுவரை காப்பாற்றியது என்மேல் அவருக்கிருந்த பயம். காலையில் அவர் என்னைக் கொஞ்சம் நம்பியிருந்தால், பத்து மணிக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். போனில் கோளாறு, வைரஸ், ஏதாவது. அவர் பார்த்த பார்வையில் எதுவும் எடுபடாது என்று தெரிந்தது.

"அக்கா, பண்ணிட்டேன்."

"இன்னா பண்ணிட்டே?"

"அந்தப் போன அழிக்கச் சொல்லிட்டேன். காலையிலயே. அது லிஸ்ட்ல வேலைய விட்டுப் போன அண்ணன் பேருல இருந்துச்சு. உங்க கையில இருக்குன்னு தெரியாது. இப்ப ஆன் பண்ணுனா, நெட்டு வந்த உடனே எல்லாம் போயிரும். என்னால நிறுத்த முடியாது. நிறுத்துற வழி இல்ல."

அவர் பக்கத்திலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார், காற்றில் நெட்டு வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது போல. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"என்ன பாத்ததுகூட இல்ல நீ" என்றார் மெதுவாக.

"இல்லக்கா."

"இந்தப் போனக்கூட."

"இல்ல."

போனின் பக்கவாட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார். "சிம்ம எடுத்துட்டு ஆன் பண்ணா?"

அதுதான் வழி. நான் ஓடிவரும்போது யோசித்து வைத்திருந்ததும் அதுதான். அதை அவர் முந்திச் சொல்லிவிட்டார். அந்தப் போனுக்குத் தெரிந்த வைஃபை அலுவலக வைஃபை ஒன்றுதான். இங்கே சிம் இல்லாமல் ஆன் செய்தால் அது எந்த நெட்டையும் தொடாது. கேபிளில் இறக்க முடியாது, எங்கும் அனுப்பவும் முடியாது, எல்லாம் என் பூட்டு. ஆனால் வீடியோவை அதன் திரையில் ஓடவிட்டு, என் சொந்தப் போனால் அந்தத் திரையையே படம் பிடிக்கலாம்.

"போனக் குடுங்க, நான் எடுக்கறேன்."

"கை வைக்காதே. எங்க குத்தணும்னு மட்டும் சொல்லு."

தாலிச் சங்கிலியில் கோத்திருந்த இரண்டு சேப்டி பின்களில் ஒன்றைக் கழற்றினார். நான் காட்டிய துளையில் நுனியை வைத்து அழுத்தினார். ரத்தக் குழாயைத் தேடிப் பழகிய கை, நடுங்கவில்லை. சிம் தட்டு வெளியே வந்தது. சிம்மைப் பர்ஸில் போட்டு ஜிப்பை மூடினார்.

ஆன் செய்தார். மேலே சிக்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குறுக்குக் கோடு. வைஃபை தேடியது, கிடைக்கவில்லை. நான் மூச்சை விட்டேன். வெயிலில் திரை தெரியவில்லை என்று அவர் தன் புடவைத் தலைப்பை எடுத்து இரண்டு பேர் தலைக்கும் மேலாகப் போட்டார். அந்த மூட்டத்துக்குள் பரிசோதனைக் கூடத்து ஸ்பிரிட்டும் இஸ்திரிச் சூடும் கலந்து வாசம் அடித்தது.

எவர்சில்வர் தட்டு. ஒரு வயதான கை வளையல்களை ஒவ்வொன்றாக வைக்கிறது. "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு" என்று தெலுங்கில் எண்ணும் குரல். அடுத்த வீடியோவில் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிய அதே கை, வளையல்களைத் திரும்பப் போட்டுக்கொள்கிறது. நான்கு. "அன்னீ உன்னாயி கதா, அம்மா?" என்று எல்லாம் இருக்கிறதா என்று இவர் கேட்கிறார். "உன்னாயி, உன்னாயி" என்கிறது அந்தக் குரல். தட்டு காலி.

இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இல்லை. நான் பிடித்ததைப் போட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "என் கொரலு கேக்குது" என்றார். போனை அணைத்துப் பைக்குள் வைத்தார். "நட."

மூன்று மணிக்கு ஹெச்.ஆர். மேடத்தின் கண்ணாடி அறையில் மேடம், சார், அக்கா, நான். என் போனில் இருந்ததை மேடம் இரண்டு முறை பார்த்தார்.

"இது போட்டோவுக்குப் போட்டோ எடுத்த மாதிரி இருக்கு. ஒரிஜினல் எங்க?"

"இருக்கு மேடம்" என்றார் அக்கா. "ஆனா இந்த பில்டிங்குல அத ஆன் பண்ண முடியாது."

"ஏன்?"

அக்கா என்னைப் பார்த்தார். சொல்வதை எனக்கே விட்டுவிட்டார். நான் சொன்னேன். உள்ளே ஆன் செய்தால் அலுவலக வைஃபை தானாகப் பிடித்துக்கொள்ளும், காலையில் நான் போட்ட கட்டளை காத்திருக்கிறது, வைஃபையை அணைக்கும் பொத்தானையும் நான்தான் சாம்பல் நிறமாக்கி வைத்திருக்கிறேன், எல்லாம். மேடம் சாரைப் பார்த்தார். சார் மேசையைப் பார்த்தார்.

அப்படியாக நாங்கள் நான்கு பேரும் லிஃப்டில் இறங்கி, சாலையைக் கடந்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், ஒரு மெட்ரோ தூணின் நிழலில் நின்றோம். ஒரு பெண்ணின் வேலையும் மானமும் பேருந்துப் புகைக்கு நடுவில், ஒரு விரல் அகல ஒலிபெருக்கியில் ஓடின. ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. மேடம் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார்.

"ஓகே" என்றார் கடைசியில். "அந்த வீட்டுக்கு நான் பேசறேன். திங்கக்கிழமை ட்யூட்டிக்கு வாங்க."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். நான் கிட்டத்தட்டக் கை தட்டிவிட்டேன்.

"ஆனா கஸ்டமர் வீட்டுக்குள்ள வீடியோ எடுக்கறது ரூல்ஸ்ல இல்ல. அதுக்கு ஒரு மெமோ வரும். எழுத்துல பதில் குடுக்கணும்."

அந்த வீடியோ இல்லாவிட்டால் திருடி, இருந்தால் மெமோ. "மேடம், அது இல்லேன்னா..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார், ஊசி போடுவதற்கு முன் பிடிப்பது போல. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மேடம் தனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "உங்க சொந்தப் போன்ல கஸ்டமர் வீடியோ இருக்கக்கூடாது" என்றார். அவர் கண்ணெதிரே அழித்தேன்.

"இன்னிக்கு மட்டும் ரெண்டு தடவ அழிச்சிட்டே" என்றார் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

"சிம்மப் போட்டுருங்க" என்றார் சார். "அதுவும் க்ளீன் ஆயிடட்டும். பெண்டிங்ல இருக்கக்கூடாதுங்க." இருவரும் சாலையைக் கடந்து போய்விட்டார்கள்.

அக்கா பர்ஸிலிருந்து சிம்மை எடுத்துத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். போனை உள்ளங்கையில் நிமிர்த்திப் பிடித்தார். நானும் குனிந்து பார்த்தேன். சிக்னல் கோடுகள் ஒன்று, இரண்டு, மூன்றாக எழுந்தன. அது ஒரு தடவை அதிர்ந்தது. திரை கருத்தது. கம்பெனி முத்திரை வந்தது, கீழே ஒரு மெல்லிய கோடு ஊர்ந்தது, மறுபடி கருத்தது. பிறகு பளிச்சென்று வெள்ளைத் திரையில் ஏதேதோ மொழிகளில் வரவேற்பு வாசகங்கள், ஒன்று மறைந்து இன்னொன்று. அவரை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போல அந்தப் போன் வணக்கம் சொன்னது.

எத்தனையோ வெள்ளிக்கிழமை, எத்தனையோ போன். பச்சைப் புள்ளிக்கு இந்தப் பக்கத்தில் இதுதான் நடக்கிறது என்று நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"அவ்ளோதானா?" என்றார் அக்கா.

"அவ்ளோதான்க்கா. ஆனா உங்க வீடியோ மேடம்கிட்ட பத்திரமா இருக்கு."

"அந்த ஒரு வீடு இருக்கு." போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு வருஷம் இருந்துச்சு பாப்பா. தினம் நாலு வீடு, அஞ்சு வீடு. சங்கிலி, மோதிரம், ஒரு வீட்டுல தட்டு நெறைய. போன மாசம் போன வீட்டுக்காரங்க நாளைக்கு வந்து கேட்டா, நா இன்னாத்த காமிக்கறது?"

நடைமேடையில் முக்காட்டுக்குள் எவ்வளவோ நேரம் இருந்தது. நான் ஒரே ஒரு வீட்டைத்தான் நினைத்தேன். அவருக்கும் அந்த அவசரத்தில் தோன்றவில்லை. நாங்கள் காப்பாற்றியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அழித்தது ஒரு வருடத்தின் சாட்சி முழுவதும். எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கவனிக்காதவர் போலக் கோட்டின் மடிப்பை நீவிக்கொண்டார்.

"உன் போனையும் இப்படிப் பண்ண யாராச்சும் இருக்காங்களா?"

என் லேப்டாப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்தப் பொத்தான் சாரிடம் இருந்தது. "இருக்காங்க" என்றேன்.

"அவங்க உன்னப் பாத்திருக்காங்களா?"

"தினமும்."

"அப்ப பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஒரு வேலையை நானாகச் சேர்த்துக்கொண்டேன். பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் கூப்பிட்டு, "இந்தப் போன் இப்ப யார் கையில இருக்கு?" என்று கேட்பேன். அறுநூறுக்கும் கேட்டு முடிக்க ஆறு வாரம் ஆனது. மூன்றில் ஒன்று மாறித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நீக்கு என்று அழுத்துவதற்கு முன் மறுபடியும் கூப்பிடுவேன். நான்கு நிமிட வேலை இப்போது மதியம்வரை இழுக்கிறது. "கால் சென்டர் வெச்சுட்டீங்களாங்க?" என்று சார் கேட்டார். அந்த வீடியோக்களைப் பத்திரமாக வைக்க ஒரு இடம் வேண்டும் என்று நான் எழுதிக்கொடுத்த காகிதம் இன்னும் மேடத்தின் மேசையில்தான் இருக்கிறது. மஞ்சள்.

போன வாரம் நூற்று முப்பத்தேழுக்குக் கூப்பிட்டேன். பட்டியலில் அதற்கு நேரே இப்போது அந்த அக்காவின் பெயர். மணி அடித்ததும் எடுத்தார். பின்னால் யாரோ தெலுங்கில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு?"

"நான்தான்க்கா. போன் யார் கையில இருக்குன்னு கேக்கத்தான்..."

"என் கையிலதான் இருக்குது. வேல நடக்குது, அப்புறம் பேசு" என்றவர் வைக்காமல் ஒரு நொடி நின்றார். "பாப்பா, நீ அந்த பட்டன்லருந்து கைய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்க்கா."

"ஹவ்" என்றார், சரி என்பதை அந்த ஊர் உருதில். எண்ணும் குரல் மூடு, நாலுகு என்று போய்க்கொண்டிருந்தபோது லைன் கட்டானது.